டிஸ்க் போட்டே தீருவேன்

என் வீட்டுக்காரருக்கு ஒரு மாதமாக டிஸ்க் பிரேக் பைத்தியம். தேங்காய் பறிக்க வந்தவனைக்கூட விடவில்லை. "பழைய ஃபியட்டுக்கு டிரம் பிரேக் போதுமா, டிஸ்க் போடணுமா, நீ சொல்லுடே" என்று பிடித்து வைத்துக்கொண்டார். அவன் தென்னையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விறுவிறுவென்று மரத்தில் ஏறிவிட்டான்.

எல்லாம் கிள்ளிப்பாலம் வளைவில் தொடங்கியது. முன்னால் போன பால்வண்டி நின்றது, எங்கள் வண்டி நிற்கவில்லை. கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பினார், தப்பித்தோம். "பிரேக் பிடிக்கலட்டி!" என்று நடுரோட்டில் கத்தினார்.

கரமனையில் பட்டறை வைத்திருக்கும் சத்தியநேசன் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தான். ஓட்டியும் பார்த்தான்.

"ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. அறுபத்திரண்டாம் மாடலுக்கு இந்த டிரம்மே தாராளமாக்கும். டிஸ்க் போட்டா பூஸ்டரும் வைக்கணும். இல்லேன்னா கால் இன்னும் பலமா அமத்தணும், கேட்டேளா?"

"டிஸ்க் போட்டே தீருவேன். வெள்ளிக்கிழமை என் பேத்தி இந்த வண்டியிலதான் வீட்டுக்கு வருவா."

எங்கள் மகள் ஸ்ரீப்ரியா பிரசவமாகி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பச்சைப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு இவர் ஓட்டப்போகிறார் என்று நினைத்தாலே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், அங்கே நிற்கும்போது பால் பொங்கி வழியும். பிரேக்கில் குற்றமில்லை என்று மெக்கானிக்கே சொல்கிறான். பிறகு வண்டி ஏன் நிற்கவில்லை?

புதன்கிழமை மத்தியானம் பட்டறையிலிருந்து நடந்தே வந்தார். மீன மாத வெயில். எங்கள் சிமெண்டு முற்றத்தில் அந்நேரம் நான் கால் வைக்க மாட்டேன், தோசைக்கல் மாதிரி கிடக்கும். அதன் நடுவில் நின்றுகொண்டு இவர் சாவகாசமாகப் பேசுகிறார்.

"டிஸ்க் செட் நாளைக்கு வருதாம். ராத்திரிக்குள்ள மாட்டித் தரச் சொல்லியிருக்கேன்."

"வலது கால் செருப்பை எங்க போட்டிய?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது பாதம் வெறும் சிமெண்டில் இருந்தது. மற்றச் செருப்பு கேட்டுக்குப் பக்கத்தில் கழன்று கிடந்தது.

"சுடலியா?"

அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. கால் மரத்துப்போகும் என்று டாக்டர் சொன்னபோது சிரித்தவர்தான். 

"அண்ணைக்கு பிரேக்கை மிதிச்சதும் இந்தக் கால்தானே?"

"ஏட்டி, வாய மூடு! பிரேக்குதான் பிடிக்கல!"

"நான் சாகலாம், பரவால்ல. பிள்ளைய அதுல ஏத்தச் சம்மதிக்க மாட்டேன்."

அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கோபமாகத்தான் இருந்தேன், ஆனால் அந்தப் பாதம் சிவந்து கிடந்ததைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. மருந்து தடவினேன். தடவியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் போன் பேசும் சத்தம் கேட்டது. "சத்தியநேசா, டிஸ்க் வேண்டாம். நாளைக்கு வண்டிய நீ ஓட்டணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சத்தியநேசன் ஓட்டினான். இவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் மகளும் நானும், என் மடியில் பேத்தி. அதே கிள்ளிப்பாலம் வளைவில் ஒரு ஆட்டோ சட்டென்று குறுக்கே பாய்ந்தது. சத்தியநேசன் மிதித்தான். வண்டி நின்றது. பிள்ளை கண்கூடத் திறக்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். அங்கே பிரேக்கே இல்லாத தரையை இவருடைய வலது காலும் அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பு மறுபடியும் கழன்று கிடந்தது.

"நல்லாத்தான் பிடிக்கு" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.