புது டிவிஷனின் தொண்ணூற்றாறு செடிகள்

மார்ச் மாதம் தொடங்கி ஆகஸ்ட் மாதம் வரை கரடிக்கல் தேயிலைத் தோட்டத்தில் சுதர்ஷினியின் பெயரில் நிறுக்கப்பட்ட கொழுந்தில் ஒரு பிடிகூட மலையில் பறித்ததல்ல. எல்லாமே அவள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் பறித்தது. தோட்டத்தில் தினமும் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் விழும் செக்ரோல் புத்தகத்தில் கணக்கப்பிள்ளை ராமாமிர்தம் இதைப் பச்சை மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நம்பாதவர்கள் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி பஸ் பிடித்து, இறங்கி இரண்டு மைல்கட்டை தூரம் மேலே நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பெப்ரவரிக் கடைசியில் நாலாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. பெண்கள் கொழுந்துப் பையைப் போட்டுவிட்டு மூலைக்கு ஒருத்தியாக ஓடினார்கள். சுதர்ஷினி மழைத்தண்ணி ஓட வெட்டிய கானுக்குள் விழுந்து இடது தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஒரு குளவிகூட அவளைக் கொட்டவில்லை என்பதைப் பக்கத்து வீட்டு வேலாயி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன கம்பளியின் ஒரு முனையைப் பிடித்து வழி நெடுக அழுதவளும் அவள்தான். எலும்புக்குக் கம்பி வைத்து, எட்டு மாதத்துக்கு மலை ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வலியைவிட அந்த எட்டு என்ற எண்தான் சுதர்ஷினியைப் படுத்தியது. கரடிக்கல்லில் ஒரு சட்டம் உண்டு. வீடு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் பெயர் தொடர்ந்து ஒரு மாதம் செக்ரோலில் விழாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் பிறந்ததும், கல்யாணம் கட்டியதும், தாயைப் பாயில் கிடத்தியதும் அந்த வரிசை வீட்டு லயத்தின் ஐந்தாம் காம்பிராவில்தான். அவள் புருஷன் தயாபரன் ஆட்டோ ஓட்டுகிறவன். தோட்டத்துப் புத்தகத்தில் அவனுக்குப் பெயர் கிடையாது.

தயாபரனிடம் ஒரு கேம் பெட்டி இருந்தது. பதுளையில் முஹம்மது நானாவின் கடையில் பழையதாக வாங்கியது. அதில் ஒரு ராஜா கதை விளையாட்டு. வாள் எடுத்துக்கொண்டு போய்ப் பூதங்களை வெட்டி, மந்திரம் கற்று, நாட்டை மீட்க வேண்டும். அவன் அதை இரண்டு தரம் முடித்துவிட்டு மூன்றாம் தரமும் மீட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சமயம் பார்த்து விளையாட்டைச் செய்த கம்பெனி, முடிந்த கதைக்கு மேலே இன்னொரு கதையையும் அது நடக்க ஒரு புது நாட்டையும் சேர்த்து வெளியிட்டது. கடையின் இணைய இணைப்பில் அரை நாள் காத்திருந்து அதை ஏற்றிக்கொண்டு வந்தான். ஏற்கெனவே இருக்கிற தோட்டத்தோடு புதிதாக ஒரு மலையைச் சேர்த்தால் அதற்குப் பெயர் புது டிவிஷன். ஆகவே லயத்துச் சனம் இதையும் புது டிவிஷன் என்றே சொன்னது.

"சும்மா செவுத்தப் பாத்துக்கிட்டு கெடக்காம இத வச்சுப் பாரு புள்ள. அதுல காலு ஒடஞ்சா ஒரு மருந்து இருக்கு, குடிச்ச ஒடனே எந்திரிச்சு ஓடலாம்" என்று சொல்லிக் கேம் பெட்டியின் பிடியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோ ஹயருக்குப் போனான். சுதர்ஷினிக்கு வந்த கோபத்தில் பிடியைச் சுவரில் எறிந்திருப்பாள். பிடியின் வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

புது நாட்டின் வாசலில் ஒரு மலை இருந்தது. மலையில் இடுப்பளவு உயரத்தில் நீலம் பாய்ந்த பச்சையில் தொண்ணூற்றாறு செடிகள். பாலத்துக்குக் காவல் நிற்கிற கொம்பு வைத்த ஆள் மூன்று இலை கொண்டுவா, வழிவிடுகிறேன் என்கிறான். உலகத்தில் இதை விளையாடிய எல்லோரும் வாளை எடுத்து ஒரு வெட்டு வெட்டுவார்கள். செடி வேரோடு மறையும், இலை பைக்குள் விழும். வாளுக்கான பொத்தானைத் தயாபரன் அவளுக்கும் காட்டித்தான் போயிருந்தான். கொழுந்துக்காகச் செடியை வெட்டுவதா என்று சுதர்ஷினிக்கு உடம்பு கூசியது. தொடுவதற்கென்று இருந்த சின்னப் பொத்தானை லேசாக அழுத்திப் பார்த்தாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கையோடு வந்தன, செடி அப்படியே நின்றது. அப்படிச் செய்யலாம் என்று விளையாட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை, செய்யக்கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. மூன்று இலை கிடைத்ததும் பாலத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அவள் பதினெட்டு வருடம் நிரை பிடித்துப் பறித்தவள், தொட்ட நிரையைப் பாதியில் விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. பதினாறு செடி கொண்ட முதல் நிரையைச் சுற்றிச் சுற்றிப் பறித்து முடித்தபோது மணி ஐந்து. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கொழுந்துப் பை நிறைந்து கனத்துத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தயாபரன் வந்து பையைப் பார்த்துவிட்டு, நொண்டிக் காலோடு எந்த மலையில் திருடினாய் என்று கேட்டான். வேலாயி ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள், பையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு நடந்தாள். பத்தொன்பது கிலோ. முழுப் பெயர் விழப் பதினெட்டு போதும். ராமாமிர்தம் பொய்க்கணக்கு எழுதுகிற ஆள் இல்லை, ஆகவே மறுநாள் காலையில் அவரே வந்து சுதர்ஷினியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, மலையில் முதல் செடியைத் தொடும்போது சொல்வதுபோலவே "பொலி, பொலி" என்று சொல்லிப் பிடியைக் கையில் எடுத்தாள். அவர் மூன்று தேத்தண்ணி குடித்து, பகல் சோறும் அங்கேயே சாப்பிட்டு, பை நிறைவதைக் கண்ணால் பார்த்தார். "ஆளு வேலைக்கு வந்திருக்கு, கொழுந்து இருக்கு, எடையும் இருக்கு. இதுல நான் என்னத்தக் கொற கண்டுபிடிக்கிறது?" என்று எழுந்து போய்ப் பெயரைப் போட்டார். எந்த மலை என்ற இடத்தில் புது டிவிஷன், முதலாம் நம்பர் என்று எழுதினார். பெக்டரியில் தேயிலையாக்க வாட்டும்போது அந்தக் கொழுந்து நன்றாக வாடுகிறது என்று சொன்னார்கள், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இப்படித்தான் ஆறு மாதம் போனது. ஒரு நாளைக்கு ஒரு நிரை, திங்கள் முதல் சனி வரை ஆறு நிரை; திங்கட்கிழமை நிரைக்குத் திரும்பி வரும்போது அது மறுபடி துளிர்த்திருக்கும். பின்னேரத்தில் மலைக்கு மேலே ஒரு பெரிய பறவைநாகம் நெருப்புக் கக்கிக்கொண்டு வரும். தோட்டத்து மேனேஜர் தொரை வந்தால் நிற்பதுபோலச் சுதர்ஷினி வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்பாள்; அது ஒரு சுற்றுச் சுற்றி, குறை ஒன்றும் காணாமல் போய்விடும். வாளை அவள் ஒருநாளும் உறையிலிருந்து எடுக்கவில்லை. ஜூலையில் கச்சான் காற்று அடித்துக் கரடிக்கல் மலையெல்லாம் காய்ந்து மற்றப் பெண்களுக்குப் பத்துக் கிலோ சேர்வதே பாடாக இருந்தபோது, அவள் பையிலிருந்து ஆளுக்கு இரண்டு பிடி அள்ளிப் போட்டு அனுப்பினாள். தயாபரன் போனில் மற்றவர்கள் ஆடியதைப் பார்த்துவிட்டு வந்து சொல்வான்: எல்லோருடைய மலையும் மொட்டையாம், பாலம் தாண்டிப்போனால் கடைசியில் ஒரு ஊர் வருகிறதாம், அதில் வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஒரு மனிதர் இல்லை, அத்தோடு கதை முடிந்துவிடுகிறதாம். உலகம் முழுக்க இது என்ன கதை என்று திட்டுகிறார்களாம்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை ஆறாவது நிரையை முடித்தபோது கொம்பு வைத்த ஆள் கையில் ஒரு மணியோடு தானாகவே மலை ஏறி வந்தான். அவன் பேச்சு திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓடியது, தயாபரன் எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னான். இந்தச் செடிகள் எல்லாம் அந்த ஊர்ச் சனம். ஒரு சாபத்தால் இந்த மலையில் வேர் பிடித்து நிற்கிறார்கள். ஒரு வேர்கூட அறாமல் இருபத்தைந்து சுற்று முடித்தவர் மட்டும் இந்த மணியை அடிக்கலாம். அடித்தால் அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். மலை வெறுமையாகும்.

சுதர்ஷினி பிடியை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்களுக்கு வலிச்சிருக்குமாங்க?"

தயாபரன் திரையைப் பார்த்தான். "முடி வெட்டுன மாதிரித்தான் இருந்துச்சாம்" என்றான். அப்படி எழுதியிருந்ததா, அவனாகச் சொன்னானா என்பது இன்றுவரை தெரியாது.

எலும்பு கூட இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்துக்குள் செக்ரோல் காலியானால் தொரை சட்டத்தைப் பார்க்கத் தொடங்குவார். தயாபரன் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குரிய நியாயத்தோடு சொன்னான்: "மணி எங்கயும் ஓடிராது புள்ள. கால் சரியாகட்டும், அப்பறமா அடிச்சுக்கலாம்." அவள் கம்பி வைத்த காலைத் தடவினாள். பிறகு சொன்னாள்: "ஆறு மாசமா ஒரே எடத்துல கெடக்குறேன். எனக்கே இப்புடி இருக்கு. எனக்குச் சோறு போட்டவுங்கள இன்னும் ரெண்டு மாசம் நிக்க வைக்கச் சொல்றீங்களே." பொலி என்று சொல்லி மணியை அடித்தாள்.

செடிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை முறித்துக்கொண்டு ஆணும் பெண்ணுமாக எழுந்து பாலத்தைத் தாண்டிப் போனார்கள். அவள் விரல் விட்டு எண்ணினாள், தொண்ணூற்றாறு பேர், ஒருவரும் குறையவில்லை. ஊரில் புகை எழுந்ததும் கதை முடிந்தது என்று எழுத்து வந்தது. சந்தோஷத்திலும் பயத்திலும் அவள் அழுதாள், ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சட்டிபானைகளைப் பெட்டியில் அடுக்கினாள். வேலாயி வந்து அடுக்கியதை எல்லாம் எடுத்து வெளியே வைத்தாள். "நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்? ஆளுக்கு ரெண்டு பிடி போட்டா ஒனக்குப் பதினெட்டு வராதா?" என்று சத்தம் போட்டாள். காய்ந்த மலையில் அவர்களுக்கே எடை வராது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குத் தயாபரன் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து பதினாறு பேர் வரிசையாக வெளியே வந்தார்கள். தொலைக்காட்சி அணைந்துதான் இருந்தது. எல்லோரும் சுதர்ஷினிக்கு முன்னால் ஒரு கணம் நின்று தலையைக் குனிந்துவிட்டுப் படியிறங்கினார்கள். அவள் பார்த்த உடனே கண்டுகொண்டாள்: திங்கட்கிழமை நிரை. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் ராமாமிர்தம் பெயர் வாசித்தார். சுதர்ஷினி என்றதும் பதினாறு பேரும் கையைத் தூக்கினார்கள். அவர் பேனையை இரண்டு தரம் உதறிவிட்டு அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். காய்ந்த மலையில் அன்றைக்கு அவர்கள் பறித்ததுபோல யாரும் பறித்து யாரும் பார்த்ததில்லை. எந்த இடத்தில் கிள்ளினால் செடிக்கு நோகாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அடுத்த நிரை வந்தது, புதன்கிழமை அதற்கடுத்தது.

நவம்பரில் சுதர்ஷினி கம்பை ஊன்றிக்கொண்டு மலைக்குத் திரும்பினாள். இனி வர வேண்டாம், போதும் என்று அவர்களிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தலையைக் குனிந்துவிட்டு நிரைக்குப் போய்விட்டார்கள். இப்போது கொழுந்து குறைகிற நாட்களில் எந்தப் பெண்ணின் பை லேசாக இருக்கிறதோ அதில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அமைதியான சனம், சத்தம் சண்டை கிடையாது, குளவி கலைந்தால் நொண்டியைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இருக்கிறது என்று வேலாயி சொல்கிறாள். பத்து மணிக்கு எல்லோருக்கும் தேத்தண்ணி வரும்போது மட்டும் அவர்கள் கோப்பையைத் தொட மாட்டார்கள். ஏனென்று ஒருவரும் கேட்டதில்லை. சுதர்ஷினி காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, அவர்களுக்கென்று வாங்கிய தனிக் கேத்தலில் வெறும் சுடுதண்ணீர் வைத்து எடுத்துக்கொண்டு போகிறாள்.