மலைச்சாமிக்குக் குத்திய சீல்

கால் சுளுக்கிய நான்காம் நாள் சேரின் மாடிப்படிகளை உட்கார்ந்தபடியே இறங்கினாள். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. மொட்டைமாடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருப்பவளுக்கு வேறு வழியும் கிடையாது. வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நழுவும்போது ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டாள். பாங் ஹியோன்து. படிக்கு ஒரு தடவை. சாமி பெயரைக்கூட அவள் வாழ்நாளில் இத்தனை தடவை சொன்னதில்லை.

தெருமுனை ஊசி வைத்தியர் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். ஊசி குத்தி, மேலே கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து உறிஞ்சியதில் ரத்தம் கறுப்பாக வந்தது.

"எங்கம்மா விழுந்தே?"

"கம்பெனி கூட்டிட்டுப் போன மலையில."

"அப்ப வேலையில பட்ட அடின்னு எழுதிக் குடு. மூணு வாரம் காலை ஊனாதே. வீட்ல பாத்துக்க யாரு இருக்கா?"

"நான்தான் இருக்கேன்."

"அப்ப அவளை நல்லா பாத்துக்கச் சொல்லு," என்று சிரித்தார். சேரினுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையில் பட்ட அடி. சண்டையே அதற்குத்தான். அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் அவள் ஒப்பந்த ஊழியை. அடுத்த மாதம் இரண்டு வருடம் முடிகிறது, சட்டப்படி நிரந்தரமாக்கியாக வேண்டும். வேலையில் பட்ட அடி என்று தொழிலாளர் அலுவலகம் ஏற்றுக்கொண்டால் படுத்திருக்கும் நாளெல்லாம் சிகிச்சை விடுப்பு, எவனும் அவளைத் தொட முடியாது. தானாக ஊர் சுற்றப் போய் விழுந்தாள் என்றால், மூன்று வாரம் வேலைக்கு வராதவள். கழற்றிவிட அதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? மேனேஜர் பாங் மறுநாளே போனில் ஒரு வாசகம் அனுப்பியிருந்தார். ‘விடுமுறை நாளில் என் சொந்த விருப்பத்தின் பேரில் மலையேறினேன்.’ இதில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

விருப்பமாம்! வசந்தம் பிறந்ததும் கம்பெனி மொத்தமும் ஒரு சனிக்கிழமை மலையேறி, பன்றித்தலை படைத்து மலைச்சாமியைக் கும்பிட வேண்டும். அந்த வருடம் யாருக்கும் அடிபடக் கூடாது என்பதுதான் வேண்டுதலே. வராதவன் பெயரை பாங் மனதில் குறித்துக்கொள்வார். பன்றித்தலையைச் சுமப்பது ஒப்பந்தக்காரி வேலை. கும்பிட்டு முடித்து இறங்கும்போது, ஓட்டலில் இடம் சொல்லியிருக்கிறது என்று பாங் பின்னாலிருந்து விரட்ட, ஈர வேரில் அவள் கால் மடங்கியது. அவள் விழுந்த சத்தம் கேட்டு பாங் முதலில் கத்தியது, "டேய், தலை உருளுது, பிடிங்கடா!" என்றுதான். பன்றியின் தலை.

சாயங்காலம் வேறு பிரிவில் வேலை செய்யும் பொமி கூப்பிட்டாள்.

"அக்கா, மேனேஜர் என்ன சொல்லிட்டுத் திரியறாரு தெரியுமா? ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கணும்னு நீ ஸ்டைல் ஷூ போட்டுட்டு வந்தியாம்."

"சந்தையில வாங்குன ஷூடி அது. நீ பாத்தேல்ல? எல்லாரும் கட்டாயம் வரணும்னு அவர் சொன்னதையும் கேட்டேல்ல? தொழிலாளர் அலுவலகத்துல வந்து சொல்றியா?"

பொமியின் குரல் தாழ்ந்தது.

"எனக்கு வீட்டு லோன் இருக்குக்கா."

"சரி, வை."

அடுத்து அம்மா. கடலோர ஊரில் கடற்பாசி காயவைக்கும் கூலிக்காரி, மகளைப் பட்டதாரி ஆக்கியவள். "நாற்காலியில உக்காந்து பாக்குற வேலைதானேடி? அதுல எப்படிக் கால் சுளுக்கும்?" என்றாள். படித்து முடித்து, பட்டம் வாங்கி, பன்றித்தலை சுமந்ததை எந்த வாயால் சொல்வது?

போனை வைத்ததும் ஏதோ புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. மலையிலிருந்து வந்ததும் மூலையில் எறிந்த முதுகுப்பை. குளிருக்காகச் சூடேற்றிய தரையின் வெப்பத்தில் உள்ளே எதுவோ கெட்டுப்போயிருந்தது. தவழ்ந்து போய்த் திறந்தாள். படையலில் மிஞ்சிய அரிசிக் கேக் பச்சையாகப் பூத்திருந்தது. அதற்கடியில் நான்காக மடித்த ஒரு வெள்ளைத் தாள்.

பிரித்தவள் நாற்றத்தையே மறந்துபோனாள். பாங் மலைச்சாமி முன் நின்று ராகம் போட்டுப் படித்த வேண்டுதல் தாள்! படித்து முடித்ததும் அங்கேயே கொளுத்திச் சாம்பலை வானத்துக்கு விடுவதுதான் முறை. ஆனால் வசந்தத்தில் காட்டுத்தீக்குப் பயந்து மலையில் தீக்குச்சி கிழிக்க விடமாட்டார்கள். வனக்காவலர் வந்து கூச்சல் போட்டதும், "கீழ போய் கொளுத்திக்கலாம், இதை வை," என்று பாங் அவள் பையில்தான் திணித்தார். பிறகு குடித்த அரிசிக்கள்ளில் மறந்தும் போனார்.

‘மலைக்குடையவரே! கம்பெனியின் ஆணைப்படி, முப்பத்தொரு ஊழியரும் ஒருவர் குறையாமல் தங்கள் திருமுன் நிற்கிறோம். வராதவர் எவருமில்லை.’ கீழே தேதி, பாங் ஹியோன்து என்ற பெயர், அதன்மேல் சிவப்பாகக் கம்பெனி சீல். சாமிக்கு அனுப்பும் தாளுக்கும் சீல் குத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

சேரின் சத்தம் போட்டுச் சிரித்தாள். நான்கு நாளில் முதல் சிரிப்பு. தாளைப் படமெடுத்து, வேலையில் பட்ட அடி என்ற விண்ணப்பத்தோடு சேர்த்து தொழிலாளர் அலுவலகத்துக்கு அப்போதே அனுப்பினாள். அதோடு விட்டிருக்கலாம். வீங்கிய கால் விடவில்லை. மேனேஜருக்கு ஒரு செய்தி தட்டினாள்: ‘கையெழுத்துப் போடுகிறேன் சார். என்னால் இறங்க முடியாது. நீங்கள்தான் வர வேண்டும்.’

மறுநாள் மத்தியானம் பாங் வந்தார். ஒரு கையில் நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் பழச்சாறு பாட்டில் பெட்டி, மறு கையில் அச்சடித்த தாள். மூச்சு இரைந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னம்மா இது, வீடா கோபுரமா?"

"உள்ள வாங்க சார்." தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். "சார், இதுல கம்பெனி சீல் இல்லையே?"

"உன் கையெழுத்துக்கு எதுக்கு சீல்?"

"நாளைக்கே நான் இதை எழுதலைன்னு மாத்திப் பேசினா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பாங் யோசித்தார். சீல் என்றதும் அவர் முகம் மாறுவதை அவள் இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறாள்.

"கார்ல இருக்கு," என்றார்.

"நான் எங்க போயிடப் போறேன்? எடுத்துட்டு வாங்க."

ஐந்து மாடி இறங்கினார். ஐந்து மாடி ஏறினார். திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. சுவரில் கை ஊன்றி நின்று, மை ஒற்றி, அழுத்தமாகக் குத்தினார். சேரின் அதைப் படமெடுத்தாள்.

"எதுக்கு ஃபோட்டோ?"

அவள் போனில் நேற்று எடுத்த வேண்டுதல் தாளின் படத்தைக் காட்டினாள். "ரெண்டுலயும் ஒரே சீல்தானே சார்? சாமிகிட்ட கம்பெனி ஆணைன்னு சொன்னீங்க. என்கிட்ட சொந்த விருப்பம்ங்கறீங்க. யார்கிட்ட சொன்னது பொய்?"

பாங் போனைப் பிடுங்க எட்டினார். அவள் நகரவில்லை.

"அது நேத்தே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிடுச்சு. இது இப்ப போகுது."

"நேத்தேவா?" அவர் குரல் உடைந்தது. "அப்ப என்னை எதுக்குடி ரெண்டு தடவை ஏற விட்டே?"

"நீங்க ஏறணும்னுதான்."

பாங் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு பழைய மேனேஜர் குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தார். "நல்லா கேட்டுக்க. இப்படிப் பண்ணிட்டு அங்க நிம்மதியா வேலை பாத்துட முடியுமா?"

"நிம்மதியா பாக்கறேன்னு யார் சொன்னா? நிரந்தரமானதும் உங்க எதிர் சீட்டைக் கேட்டு வாங்குவேன். தினமும் காலைல நீங்க என் மூஞ்சியில முழிக்கணும். ரிட்டயர் ஆகுற வரைக்கும். உங்களுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்குல்ல, சார்?"

அவர் வெளியேறினார். சேரின் ஒற்றைக்காலில் நொண்டிப்போய் வாசல் நிலையைப் பிடித்து நின்றாள். கணுக்கால் நெருப்பாக எரிந்தது. உட்கார மனம் வரவில்லை. நான்காம் மாடித் திருப்பத்தில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பாத்து இறங்குங்க சார்," என்று மேலேயிருந்து குரல் கொடுத்தாள். "படி ஈரமா இருக்கு."