உயிரோடு இருப்பதால்

வெள்ள நிவாரணப் பணம் எனக்கு வந்தது. என் அண்ணிக்கு வரவில்லை. அவர் செய்த ஒரே தப்பு, மாடுகளைக் காப்பாற்றியது.

ஆற்றுத் தண்ணீர் வாசற்படி ஏறியதும் நான் மனைவியையும் மகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடிவிட்டேன். என் ஏழு பசுக்களும் கட்டிய கயிற்றோடு செத்தன. அடுத்த கொட்டகை அண்ணியுடையது. அண்ணன் இறந்த பிறகு பதினோரு பசுக்களை ஒண்டியாக மேய்த்து வந்தவர். இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொரு கயிறாக அறுத்துவிட்டு, எல்லாவற்றையும் கல்குவாரி மேட்டுக்கு ஓட்டிப்போனார். நான்கு நாள் மழையில் அவற்றோடேயே நின்றார்.

மாடுகள் பிழைத்தன. ஆனால் குளம்பு புண்ணாகி, மடி வீங்கி, பால் வற்றிப்போயிற்று. வைக்கோல் போர் ஆற்றோடு போய்விட்டது.

நிவாரண அலுவலகத்துக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன்.

"செத்தது எத்தனை?" என்றார் குமாஸ்தா, நிமிராமலே.

"ஒண்ணும் சாகல சார். ஆனா எதுவும் எழுந்து நிக்க முடியாம கிடக்கு. தீவனத்துக்கு வழியில்ல."

"சாகலன்னா இங்க எதுக்கும்மா வந்தீங்க? செத்த மாட்டுக்குத்தான் இந்தப் பாரத்துல கட்டம் இருக்கு."

பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவருக்கு இரக்கம் வந்துவிட்டது. "ரெண்டு செத்துப்போச்சுன்னு எழுதுங்கம்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் மெதுவாக.

அண்ணிக்கு முகம் சிவந்தது. "தண்ணியில இறங்கி இழுத்துட்டு வந்தேன் சார். அதைச் செத்துப்போச்சுன்னு என் கையாலயே எழுதணுமா? கட்டிப்போட்டுட்டு ஓடினவங்களுக்குப் பணம், அவுத்துவிட்டவளுக்கு ஒண்ணுமில்லையா?"

நான் தரையைப் பார்த்தேன். "உங்களைச் சொல்லல தம்பி" என்றார். என்னைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு குமாஸ்தா பக்கம் திரும்பினார். "சரி, தர முடியாதுன்னு எழுதிக் குடுங்க."

"அப்படியெல்லாம் எழுதிக் குடுக்கற வழக்கமில்லம்மா."

"இன்னையிலேர்ந்து வழக்கமாகட்டும்."

அசையாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தா சாப்பிட்டு வந்தார், டீ குடித்து வந்தார், அண்ணி இருந்தார். கதவைப் பூட்டும் நேரத்தில், சனியன் விட்டால் போதும் என்று குமாஸ்தா எழுதி முத்திரை குத்தினார்: 'மனுதாரரின் மாடுகள் உயிரோடு இருப்பதால் உதவி பெறத் தகுதியில்லை.'

அதை நகலெடுத்துப் பால் கொள்முதல் நிலையத்துச் சுவரில் ஒட்டினோம். காலையில் பால் ஊற்ற வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்குக் கோபம் வந்தது. அந்த வாரத்தில் மாடு பிழைத்த நாற்பது பேருக்கு மேல் அதே குமாஸ்தா முன்னால் நின்று, அதே கடிதத்தைக் கேட்டார்கள்.

பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். "யாரும்மா இதைக் கிளப்பிவிட்டது?"

"உங்க ஆபீஸ்தான் சார். முத்திரையைப் பாருங்க."

எனக்கு வந்த பணத்தில் பாதியைக் கொண்டுபோய் நீட்டினேன். அண்ணி தொடவில்லை. "இதை நான் வாங்கிட்டா, அவங்க குடுக்க வேண்டியதை நீங்க குடுத்து அவங்களைத் தப்பிக்க விட்டதா ஆயிடும்."

பிழைத்த மாடுகளுக்கும் தீவனம் என்று உத்தரவு வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அண்ணி மூன்று பசுக்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

தீவன மூட்டைகளை நான்தான் இறக்கினேன். ஊரே அண்ணியைப் புகழ்ந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இதே மூட்டை அன்னைக்கு வந்திருந்தா அந்த மூணும் இங்க நின்னிருக்கும் தம்பி. யாரு பதில் சொல்லுவா?"

ஒரு மூட்டையைப் பிரித்துக் கொடுத்தேன். அண்ணி தீவனம் கலக்கப் போனார்.