பேயும் நோவும்

அம்மா பத்து நாளாகச் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள் என்று அண்ணன் தமிழ்ச்செல்வன் போன் செய்தபோது, கயல்விழி கோயமுத்தூர் கணபதியில் உள்ள மோட்டார் பட்டறையில் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

“சோறு எறங்கலைங்கறா. குளிக்கறதில்ல. என்னையெல்லாம் எதுக்கு ஆண்டவன் வெச்சிருக்கான்னு அழுவறா. இது டிப்ரஷனா இருக்கும் அம்மணி. போன்ல ஒரு டாக்டர் பேசுனதக் கேட்டேன், அப்படியே அம்மாவுக்கு இருக்கறதத்தான் சொல்றாரு. மந்திரிக்கறது கிந்திரிக்கறதுன்னு நாளக் கடத்தக் கூடாது. நேரா கோயமுத்தூர்ல ஒரு நல்ல டாக்டரா பாத்துரணும். உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே.”

உனக்குத்தான் தெரியுமே. கயல்விழியின் நோயைப் பற்றி இருபத்து நான்கு வருடத்தில் அண்ணன் வாய்திறந்து சொன்னது அவ்வளவுதான்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் அது வந்தது. தோட்டவேலைக்குப் போகும் குடும்பத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறிக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் அவள். பரீட்சைக்கு முந்தின மாதம் தூக்கம் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள் ஓயாமல் அவளைப் பற்றியே பேசினார்கள். அதை அவள் தன் அம்மா பழனாத்தாளிடம் சொன்னாள். அம்மா முதலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். பிறகு சேவல் அறுத்தாள். அதற்கும் அடங்காததால், மலையடிவாரத்தில் பேயோட்டுகிறவன் ஒருவனின் கொட்டகைக்கு அனுப்பினாள். அவள் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்து வேனில் ஏற்றியது அண்ணன்தான்.

அங்கே இரண்டு கணுக்காலிலும் சங்கிலி. சாப்பாடு, தூக்கம், மலஜலம் எல்லாம் அந்தச் சங்கிலி எட்டும் தூரத்துக்குள். வெள்ளிக்கிழமைகளில் பிரம்பால் அடித்து, “உன் பேரென்ன சொல்லு” என்று பேயைக் கேட்பார்கள். கயல்விழி என்று தன் பெயரைச் சொன்னால் இன்னும் இரண்டு அடி விழும். குரல்கள் போகவில்லை. அம்மா ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை.

பதினோராவது மாதம், வேறு எங்கோ ஓர் ஊரில் இதேபோலக் கட்டிக்கிடந்தவர்கள் எழுந்து ஓட முடியாமல் தீயில் வெந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கேயும் அதிகாரிகள் ஜீப்பில் வந்து சங்கிலியை அறுத்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் சுவர் வெறும் சுவராக இருந்தது. முகம் தெரியாத யாரோ வெந்து செத்ததற்குக் கிடைத்த மாத்திரை அது என்று அவளுக்குத் தெரியும். இன்றுவரை அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அவள் ஊருக்குத் திரும்பவில்லை. கல்லூரியும் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை பழகிக்கொண்டு கணபதியில் தனியாக ஒரு வீடு பிடித்தாள்.

சனிக்கிழமை அண்ணன் அம்மாவை வாடகைக் காரில் அழைத்துவந்தான். பின் சீட்டில் தலையணை வைத்துப் படுக்கவைத்திருந்தான். காரிலிருந்து இறங்கும்போது, “மெல்ல, மெல்ல” என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் இல்மா சின்ன வயதுக்காரர். அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தூக்கத்தைப் பற்றி, பசியைப் பற்றி, அப்பா போய்ச் சேர்ந்ததைப் பற்றி மெதுவாகக் கேட்டார். அம்மா அழுதாள். அவள் அழுது முடியும்வரை டாக்டர் காத்திருந்தார்.

“சக்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதிதானுங்கம்மா. உங்க மேல ஒரு தப்புமில்ல. மாத்திரையில நல்லாயிரும்.”

உங்க மேல ஒரு தப்புமில்ல. கயல்விழி மடியிலிருந்த பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி மனசுக்கு வைத்தியம் பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க டாக்டரம்மா,” என்றாள் அம்மா. சற்றும் தயங்கவில்லை. “எங்க வம்சத்துலயே அப்படி யாருமில்லீங்க.”

“யாருமில்லீங்க மேடம்,” என்றான் அண்ணன்.

டாக்டர் எழுதக் குனிந்தார்.

“எனக்கு இருக்குதுங்க,” என்றாள் கயல்விழி. “இருபத்து மூணு வருஷமா மாத்திரை சாப்பிடறேன்.” மாத்திரையின் பெயரையும் அளவையும் சொன்னாள். “அதுக்கு முந்தி ரெண்டு கால்லயும் சங்கிலி போட்டுப் பதினோரு மாசம் கட்டி வெச்சிருந்தாங்க. இவங்கதானுங்க கொண்டுபோய் உட்டாங்க.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பத்து நாளில் அவள் அப்படி உட்கார்ந்தது அப்போதுதான்.

“அவளுக்குப் புடிச்சது பேயிங்க,” என்றாள். “எனக்கு வந்திருக்கறதுதான் நோவு.”

டாக்டர் அம்மாவிடம் பொறுமையாக ஏதேதோ விளக்கினார். அம்மா கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் பல்லைக் கடித்தான். “அதை இப்ப எடுத்துச் சொல்லலீன்னு யாரழுதா? எம் புள்ள பவித்ராவுக்கு மாப்பிள்ள பாத்துட்டிருக்கறோம். நாலு பேரு காதுக்குப் போனா என்னாகும்?”

“டாக்டர் கேட்டாங்க. சொன்னேன்.”

“அப்ப எங்களுக்கு என்ன தெரியும் அம்மணி? அன்னிக்கு எல்லாரும் அதுதான வைத்தியம்னாங்க.”

“தெரியாம கட்டிப்போட்டீங்க, செரி. ஒரு நா வந்து பாத்திருக்கலாமல்லங்க?”

அவன் கார் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

மருந்து பிடிக்கும்வரை அம்மா கயல்விழி வீட்டில் இருந்தாள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ரொட்டி. “மனச உட்ராதீங்க” என்று அம்மாவின் கையைத் தடவிவிட்டுப் போனார்கள். கயல்விழி எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவளைக் கட்டிவைத்திருந்த காலத்தில், பேய் தங்களையும் தொற்றிக்கொள்ளும் என்று அம்மா வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவர்கள் இவர்கள்.

ஆறாவது வாரம் அம்மா தானே தலைக்குக் குளித்தாள். வடைக்கு ஊறப்போடச் சொன்னாள். அன்று சாயங்காலம் கயல்விழி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அம்மா, அந்தக் கொட்டகைக்கு நீ ஏம்மா ஒருக்காகூட வரல?”

அம்மா ஈரத்தலையை விரலால் கோதினாள்.

“இப்பத்தான் எந்திரிச்சு நடமாடறேன். இப்பப் போயி இதக் கேக்கறயே! மனசு நோவற பேச்சே பேசக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னது உனக்குக் கேக்கலியா?”

மறுநாளே அண்ணனுக்குப் போன் போட்டு, ஊருக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டாள்.

பவித்ராவின் நிச்சயம் தை மாதம் அவிநாசியில் நடந்தது. இரண்டு நாள் முன்னதாக அண்ணி செவ்வந்தி போன் செய்தாள். “தப்பா நெனச்சுக்காதீங்க. மாப்பிள்ள ஊட்டுல ஏதாச்சும் கேட்டுப்போட்டாங்கன்னா… கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துருங்க.” கயல்விழி, “செரிங்க” என்று மட்டும் சொன்னாள். படங்கள் குடும்ப வாட்ஸப்பில் வந்தன. அம்மா பட்டுச்சேலை கட்டி முதல் வரிசையில் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மாத்திரைகளைப் பிரஷர் மாத்திரை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கும் கயல்விழி போகவில்லை. அன்று பட்டறையில் நாள் முழுக்க வேலை செய்தாள்.

கல்யாணம் முடிந்ததும், நல்லாயிருச்சே என்று அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். சித்திரையில் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்தாள். செவ்வந்தி அழுதுகொண்டு கூப்பிட்டாள். “எம்பட கைக்கு அடங்கலீங்க. நீங்க வந்தாத்தான் ஆகும்.”

கயல்விழி பட்டறையில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டு உடுமலை பஸ் ஏறினாள். மன்னித்துவிட்டதால் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு நீளம் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவை எழுப்பி மாத்திரை கொடுத்தாள். கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். அம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மகள் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பாதிக் கிண்ணம் காலியானதும் மெல்லச் சொன்னாள்.

“உப்புப் பத்தல.”

கயல்விழி உப்பு எடுத்துவர எழுந்து போனாள்.