குண்டு போடாத விமானம்

அன்று சாயங்காலம் மாடி அறையில் இருந்தவர்கள்: அபிஜித், செய்யாறு கம்பெனியில் நைட் ஷிப்டை விட்டு மூன்று மாதமாக வீட்டில் இருப்பவன். அவன் அம்மா ரத்னாவதி, வீட்டுக்குச் சொந்தக்காரி. அவன் சிநேகிதன் ஜெயவேல், ஆறு விசைத்தறி ஓட்டுகிறவன். போன் ஸ்பீக்கரில் இராஜமாணிக்கம், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற மாதிரி விமானப் பெட்டிகளைச் சென்னையில் விற்பவர்.

எந்தப் பெட்டி என்பதை அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும்.

போளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புது அறிவியல் கூடத்துக்கு நம் விமானப்படை விமானங்களின் மாதிரி பன்னிரண்டு கேட்டிருந்தார்கள். முதல் மாதிரி சரியாக இருந்தால் மீதியும் அவனுக்குத்தான். அபிஜித் ஒரு சண்டை விமானம் செய்து கொண்டுபோனான். அங்கே என்.சி.சி. மாஸ்டர் தருமன், விமானப்படையில் இருபது வருஷம் இருந்து வந்த ஆள், அதைக் கையில் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "முதுகு மேடு தப்பு. எந்த தேசத்து வண்டிக்கோ நம்ம மூவர்ண வட்டத்த ஒட்டிகினு வந்திருக்கியே. பெயின்ட்ல பட்டு இழை வேற" என்று பிள்ளைகள் முன்னாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரத்துக்குள் இன்னொரு தடவை கொண்டுவரலாம் என்றார். மூன்றாவது தடவை கிடையாது என்றும் சொன்னார்.

இழை ஒட்டியதற்குக் காரணம், அதை ஜெயவேலின் தறிக்கொட்டகையில் உட்கார்ந்து செய்தது. தறி ஓடினால் மேஜை ஆடும், தூசி பறக்கும். வீட்டு மாடி அறையைவிட்டால் வேறு இடமில்லை. ரத்னாவதி அறையைத் தருவாள், ஒரு நிபந்தனையோடு. சமண வீடு. பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, கிழங்கு கிடையாது, ஆயுதமும் கிடையாது. பிளாஸ்டிக் ஆயுதமானாலும்.

"குண்ட ஒட்டாம விட்டுடறேம்மா" என்றான் அபிஜித்.

"மாட்டற கொக்கி இருக்குதே. அது எதுக்கு, துணி காயப்போடவா?"

ஜெயவேல் சிரித்தான். "அம்மா கேக்கறது நாயம்டா."

"நீ யாரு பக்கம்டா?"

"டீ குடுத்தவங்க பக்கம்."

ரத்னாவதி சிரிக்கவில்லை. "மிலிட்டரியில யாரையும் அடிக்காத பிளேனே கிடையாதாடா?"

கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்த அபிஜித் அப்படியே நின்றான். இருந்தது. கான்பரா. குண்டு வீசப் பிறந்த ஜெட்தான். ஆனால் அதில் ஒரு வகை படம் எடுக்க மட்டும். வயிற்றில் கேமரா, வேறொன்றும் இல்லை. நம் விமானப்படையிலும் பறந்தது. அவன் அதைச் சொன்னான்.

"ராத்திரியில எப்படிப் படம் எடுக்கும்?" என்றாள் ரத்னாவதி.

"மேலேர்ந்து வெளிச்சம் போட்டு."

"வெளிச்சம் போட்டா பூச்சி விழுந்து சாகுமே."

"அவ்ளோ உசரத்துல பூச்சி ஏதும்மா?"

ஜெயவேல் விடவில்லை. "படம் எடுத்து இன்னா பண்ணுவான்? கல்யாண ஆல்பம் போடுவானா? மறுநாள் அங்க குண்டு போடத்தானே."

அபிஜித்துக்கு அவன் வாயில் துணியை அடைக்கலாம் போலிருந்தது. அம்மா தன் சேலைத் தலைப்பைப் பார்த்தாள். அவள் பட்டுக் கட்டியதே இல்லை. கல்யாணத்தன்றும் பருத்திதான். புழுவைக் கொன்று எடுத்த நூல் என்பாள். ஆனால் வீட்டின் கீழே தெருப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தது ஒரு பட்டுக்கடை.

"அவ்ளோ தூரம் தோண்டினா, கீழ வர்ற வாடகையில நான் சோறு திங்க முடியாது" என்றாள் கடைசியில். "அது கையில ஆயுதம் இல்லன்னா போதும். ஆனா நெஜமாவே அந்த வகைதானான்னு பாத்து வாங்கு. மேல ஒண்ணு எழுதி உள்ள ஒண்ணு வேணாம்."

அபிஜித் போனை அருகில் இழுத்தான்.

"கான்பராவில படம் எடுக்கிற வகையா? இருக்கு சார்" என்றார் இராஜமாணிக்கம். "இந்திய ஸ்டிக்கரோட. பெட்டி மேலயே போட்டிருக்கான்."

"உடம்ப எடுத்து ஸ்கேல் மேல வைங்க சார். மூக்குலேர்ந்து வால் முடிய."

குண்டு வீசும் கான்பராவைவிடப் படம் எடுப்பது பதினாலு அங்குலம் நீளம். எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர். மொத்தம் இருநூற்று எண்பத்திரண்டு இருக்க வேண்டும்.

"இருநூத்தி எழுபத்தேழு சார்."

"அது குண்டு போடறது."

"ஸ்டிக்கர் கரெக்டா இருக்குதே சார்?"

"ஸ்டிக்கர் கரெக்ட்தான். உடம்பு வேற ஆளுது."

ஜெயவேல் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அஞ்சு மில்லிடா! தருமன் சார் கண்ணுல டேப்பா வெச்சிருக்காரு? வாங்கிப் போடு, பேஜார் பண்ணாத."

"உன் தறியில பார்டர் அஞ்சு மில்லி கோணினா வியாபாரி எடுப்பானா?"

"மூஞ்சியில வீசுவான்."

"அப்புறம்?"

"நான் பேசல. நீ பாரு."

ரத்னாவதி போன் பக்கம் குனிந்தாள். "வேற பெட்டி இல்லீங்களா?"

"ஒண்ணு கெடக்குதும்மா. மூலை நசுங்கினது. இந்திய ஸ்டிக்கர் கெடையாது, மேல ஏதோ வெளிநாட்டுப் படம். ஆறு வருஷமா யாரும் தொடல."

"அதையும் அளந்து பாருங்க."

ஸ்பீக்கரில் அட்டை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அபிஜித் நகத்தைக் கடித்தான். இதுவும் இல்லையென்றால் அவனிடம் வேறு யோசனை இல்லை.

"எண்பத்திரண்டு" என்றார் இராஜமாணிக்கம். "இருநூத்தி எண்பத்திரண்டு சார். அடியில சின்னச் சின்னதா கண்ணாடி ஜன்னல் இருக்குது."

"எடுத்து வைங்க. காலையில கடை தெறக்கும்போது அங்க இருப்பேன்."

"கூரியர்ல அனுப்பறேனே சார்."

"வேணாங்க. இன்னொரு மூலையும் நசுங்கும்."

"வட்டத்துக்கு இன்னா பண்ணுவ?" என்றான் ஜெயவேல்.

"கையால வரைவேன்."

வரைய முடியும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று மாதத்தில் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த முதல் விஷயம் அது.

"ஜல்தி கீழ வா, பொழுது எறங்குது" என்று ரத்னாவதி இறங்கிப் போனாள். அவன் அவசரமாகச் சாப்பிட்டான். ஜெயவேல் அவனை ராத்திரிச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட பைக்கை எடுத்து வாசலில் நின்றான்.

"நீயும் ஒரு தடவ அளந்து பாத்து வாங்கு" என்றாள் அம்மா. "வர்றதுக்குள்ள மாடியப் பெருக்கி மேஜையக் காலி பண்ணி வெக்கிறேன்."

அவன் தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினான். பின்னால் ரத்னாவதி கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.