ஸ்தோத்திரம், சுகமா இருக்கேன்

டென்சிலுக்கு முழுதாகச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். அதைத் தம்பிக்குப் பழக்க யூனிஸுக்கு ஒரு கோடை முழுக்கப் பிடித்தது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளை. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் யாராவது "எப்படி இருக்கே?" என்றால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். அந்த வெட்கம் தாளாமல் ரஸ்க்கை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சரியாகச் சொன்னால் ஒரு துண்டு என்று பழக்கினாள். பிறகு யார் கேட்டாலும் கைகூப்பி, "ஸ்தோத்திரம், சுகமா இருக்கேன்" என்பான். மர்பி டவுன் பேட்டையே மெச்சிக்கொண்டது.

இப்போது அவனுக்கு முப்பது வயது. அப்பாவும் அம்மாவும் கல்லறைத் தோட்டத்தில். வீட்டில் அக்காளும் தம்பியும் ஒரு தையல் மெஷினுந்தான். மழை பிடித்ததிலிருந்து டென்சில் சுவரில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தான். சோற்றுத் தட்டைத் தள்ளினான். தடுக்கப் போன யூனிஸின் கையைக் கடித்தான்.

"இன்னாக்கா, இன்னிக்கும் சுவரு இடிக்கிற வேலையா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பவுலின், ஜன்னல் வழியாக. "எங்க வூட்டுச் சட்டியெல்லாம் அதிருது. கம்பி போட்ட ஆஸ்பத்திரியில வுட்டுட்டா உனக்கும் நிம்மதி."

யூனிஸ் ஜன்னலைச் சாத்தினாள். அவனை டிஸ்பென்சரிக்கு அழைத்துப்போனாள்.

"என்னப்பா, எங்கே வலி?" என்றார் டாக்டர், நாற்காலியை விட்டு எழாமலே.

டென்சில் கைகூப்பினான். "ஸ்தோத்திரம், சுகமா இருக்கேன்."

"பார்த்தீங்களா? உடம்புக்கு ஒண்ணுமில்லேம்மா. இந்த மாதிரி ஆளுங்க வயசாக ஆக முரண்டு பண்ணுவாங்க. தூக்க மருந்து தர்றேன். அப்புறமும் அடங்கலேன்னா வாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதறேன்."

மருந்து இருந்தவரை தூங்கினான். தீர்ந்ததும் மறுபடி சுவர். இனி சீட்டுதான் என்று யூனிஸ் அவன் சட்டைகளை மடித்து வைத்தாள். சுவரையாவது துடைப்போம் என்று ஈரத்துணியோடு குனிந்தபோதுதான் அந்தக் கறையைப் பார்த்தாள். தலை எண்ணெய்க் கறை அல்ல. எச்சில் கறை, கன்னத்தின் உயரத்தில். அவன் தலையால் முட்டவில்லை. வலது கன்னத்தைக் குளிர்ந்த சுண்ணாம்பில் மோதி மோதி அழுத்தியிருக்கிறான்.

கரண்டிக் காம்பால் வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பல் கறுத்து, ஈறு வீங்கிச் சீழ் நாறியது.

கமர்ஷியல் தெருச் சீனாக்காரப் பல் டாக்டர் பல்லைப் பிடுங்கித் தட்டில் போட்டார். "இவ்ளோ நாள் இவன் சொல்லவே இல்லையா?" என்றார்.

மறுநாள் மாலை. சுவர் சும்மா இருந்தது. அவனுக்காக ரஸ்க்கைப் பாலில் ஊறவைத்தாள்.

"வலிக்குதாடா?"

"ஸ்தோத்திரம், சுகமா இருக்கேன்" என்றான், பஞ்சை அடக்கிய வாயோடு.

மெஷின் மிதித்து மிதித்துத் தேய்ந்த தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு வலிக்குது. இங்க." சொன்ன குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. வலிக்கிறதா என்று அவளிடம் கேட்டவர்தான் யார்?

டென்சில் சிரித்தான். "அக்கா தப்பு."

"தப்பில்லடா. வலிக்குது. நீயும் சொல்லு."

அவன் டப்பாவைத் திறந்தான். ஒரு ரஸ்க்கை ஒடித்தான். ஒரு துண்டை அவள் வாய்க்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு, அக்கா சரியாகச் சொல்லட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தான்.