பக்கத்து இழை

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் இளங்கோவன் மனைவியை அழைத்துப்போக வந்துவிட்டான். கொய்னா அணையின் மின்நிலையத்தில் அவனுக்கு வேலை. தலைப் பிரசவத்துக்காகக் கமலாட்சி காஞ்சிபுரம் வந்திருந்தபோதுதான், கார்த்திகைக் கடைசியில் ஒரு விடியற்காலை, அங்கே பூமி குலுங்கி அவர்கள் குடியிருந்த கல்வீடு தரைமட்டமானது. ராத்திரி வேலையில் இருந்ததால் அவன் தப்பினான். தாய்வீட்டில் இருந்ததால் அவள் தப்பினாள்.

அம்மா இல்லாத வீடு. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டியதும் தங்கை மங்கையர்க்கரசிதான். பட்டணத்தில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள். நாலு பேர் நடுவில் அவளுக்குப் பேச வராது.

சாப்பிடும்போது இளங்கோவன் கொய்னாவைப் பற்றிச் சொன்னான். எங்கெங்கிருந்தோ விஞ்ஞானிகள் வந்து கொட்டகை போட்டிருக்கிறார்கள். உருளையில் புகைக்கரி படிந்த காகிதத்தைச் சுற்றியிருப்பார்களாம். உருளை சுழலச் சுழல, ஊசி அதில் வெள்ளைக் கோடு கீறிக்கொண்டே போகும். பூமி அசைந்தால் கோடு எகிறும். பல ஊர்களில் இப்படிக் கருவி வைத்து, அதிர்வு எங்கே முந்தி வந்தது, எங்கே பிந்தி வந்தது என்று ஒப்பிட்டு, அது கிளம்பிய இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். கருவிகளுக்கு பாட்டரி மாற்றிக் கொடுப்பது அவன்தான். பெரிய அதிர்ச்சிக்குப் பின்னால் வரும் குட்டி அதிர்ச்சிகள் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வருவதைக் காகிதத்தில் அவனே பார்த்தானாம். இப்போது தகரக் கொட்டகையில் குடியிருக்கிறான். பயமில்லை என்றான்.

அப்பா வரதராஜன் தறிக்குழியில் காலை விட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது உடனே விளங்கிவிட்டது.

"இழுத்துக் கட்டின பாவு நூல்தான் அறும் மாப்பிள்ளை. கொஞ்சம் கொஞ்சமா தளர்த்திட்டா அறாது. அந்த பூமியும் தளர்ந்துக்கினு இருக்குது. அவ்ளோதான்."

இளங்கோவனின் முகம் தெளிந்தது. மறுநாள் சாயங்காலம் அரக்கோணம் போய் பம்பாய் ரயில் பிடிப்பதாக முடிவாயிற்று.

மங்கைக்கு அது ஒப்பவில்லை. அப்பா சொன்னது பாதிதான். அறுந்த இடம் தளரும். அது சுமந்த பாரம் காற்றில் போய்விடாது, ஓரத்தில் இன்னும் அறாமல் நிற்கும் பாறைமேல் ஏறும். அங்கே அறுந்தால் அதற்கும் பக்கத்தில். எண்ணிக்கை குறைவது நிஜம். ஆனால் குறைந்துகொண்டே வருகிற அந்தச் சிறு அதிர்ச்சிகளுக்கு நடுவில் ஒன்று பெரிதாக வராது என்று எந்தக் காகிதமும் சொல்லாது. இதைச் சொல்லத்தான் மறுநாள் காலையில் அப்பாவிடம் போனாள். பாதியிலேயே குரல் உள்ளே போய்விட்டது. நீ படித்தது பரீட்சைக்கு, குடும்பம் நடத்த வேண்டியவள் உன் அக்கா என்று அவர் சிரித்துவிட்டு வெற்றிலை வாங்கக் கிளம்பினார். அக்காவிடம் போனாள். கமலாட்சி தொட்டில் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

மூட்டைகள் வாசலுக்கு வந்தன. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. பிள்ளை சட்டை மாட்டிக்கொண்டு கைகாலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

மங்கை தறிப் பக்கம் போனாள். பாவுக் கயிற்றை, மேற்கொண்டு வராத மட்டும் இழுத்து முளையில் கட்டினாள். பங்குனி வெயிலில் பட்டு காய்ந்து விறைத்திருந்தது. அரக்கு நிறப் பாவு, முகூர்த்தப் புடவை. கத்தரியை எடுத்து நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டினாள்.

அப்பா உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். பின்னாலேயே இளங்கோவனும் கமலாட்சியும் வந்தார்கள்.

மங்கை கத்தரியைக் கீழே வைத்தாள். குழியில் இறங்கி மிதியை மிதித்தாள். இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்தன. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி மிதித்தாள். வெட்டுப்பட்ட இழைகள் மட்டும் சுருண்டு தொங்கின.

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. பாவின்மேல் குனிந்தார்.

அப்போது வெட்டின் ஓரத்தில் ஓர் இழை தானாகவே அறுந்தது. யாரும் தொடவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது. அதற்குப் பிறகு, எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்த நேரத்தில், மறு ஓரத்தில் ஒரு கொத்தாகப் போனது.

"அறுந்தது தளர்ந்துபோச்சு நைனா" என்றாள் மங்கை. "பக்கத்துல இருக்கிறது அதையும் சேத்து சுமக்குது."

"எப்ப நிக்கும்?" என்று கேட்டார் அப்பா.

"கொறையும். எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியாது. அந்த சாருங்களுக்கும் தெரியாது. மாமாவையே கேளுங்க."

இளங்கோவன் சுவரில் சாய்ந்துகொண்டான். விஞ்ஞானிகள் குறைகிறது என்றுதான் சொன்னார்கள், இனி வராது என்று சொல்லவில்லை, அதைத் தானாகவே சேர்த்துக்கொண்டதாகச் சொன்னான். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினான்.

"தகரம் காத்துக்கு ஆடினாக்கூட எழுந்து ஓடறேன். பக்கத்து வீட்டு ஜனத்தை நான்தான் கல்லு பொரட்டி எடுத்தேன். தனியா இருக்க முடியல கமலா."

வேலையை விட்டுவிடச் சொன்னாள் மங்கை. முடியாதென்று அவன் தலையை ஆட்டினான். ஊரில் அவனை நம்பி இருக்கிற தாய், தம்பிகள் எல்லாருக்கும் அந்த ஒரு சம்பளம்தான். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. கமலாட்சி பிள்ளையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வண்டிக்காரன் இரண்டு தரம் குரல் கொடுத்தான். வெளியே வந்தபோது பிள்ளை பால் குடித்துத் தூங்கியிருந்தது. அதை மங்கையின் மடியில் வைத்தாள்.

"நீயும் போகாதக்கா."

"அவரு ஆடிப்போயி கெடக்குறாரு பாரு" என்றாள் கமலாட்சி. "பசும்பாலை தண்ணி ஊத்தி காய்ச்சு. வெல்லம் போடாத."

திரும்பிப் பார்க்காமல் இளங்கோவனோடு வண்டியில் ஏறினாள். முந்தானையைச் சுருட்டி மார்பில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

அப்பா பாவுக் கயிற்றைத் தளர்த்திவிட்டு, விளக்கைக் கிட்டே இழுத்து வைத்து, இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சிடத் தொடங்கினார்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை விழித்தது. அவள் ரவிக்கையில் வாயைத் தேய்த்துத் தேடியது. பாலாடைச் சங்கில் பசும்பாலை எடுத்து உதட்டில் வைத்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி வைத்தாள். பால் கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.